நீ குத்திய கடைசிப் புள்ளி

போன் பைத்தியம் என்று ஊரே கூப்பிட்ட என் ஏகா அண்ணாவுக்கு,

முதலில் உனக்குப் பிடித்த சேதியைச் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற போன்களுக்குக் குச்சி கிடையாது. விரலால் தொட்டாலே போதும், கண்ணாடி மேல் படம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஊரப்பாக்கத்துக்காரர் ஒருவர் நான் வேலை பார்க்கிற கடைக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் கையில் வாங்கிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் அந்த மனிதரை வீட்டுக்குப் போக விட்டிருக்க மாட்டாய்.

நீ சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர் என்று அலைந்தாயே, அதை இப்போது ஆப் என்கிறார்கள். மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்கிற மாதிரி, சிலேட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் வரப் போகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அதை நீ எனக்கு எப்போதோ சொல்லிவிட்டாய். "சிலேட்டு மாரியே ஒண்ணு வரும் பாரு காஞ்சனா, பலப்பம் மட்டும் தேவப்படாது" என்றாய். நான் சிரித்தேன். இப்போது அந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உன் போட்டோவுக்கு முன்னால் வைக்கப் போவதில்லை. பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். ஏன் என்று முடிவில் சொல்கிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நமக்கு ஊர். நைனாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும். நமக்கு முன்னால் நம் வீட்டில் யாரும் ஸ்குரூடிரைவர் பிடித்ததில்லை. நீ பிடித்தாய். உனக்கு மீசை முளைத்த வயதில், செங்கல்பட்டில் ஒரு நிலத்தரகர் தூக்கிப் போட்ட செத்த பேஜரை வாங்கிவந்தாய். மெசேஜ் வராத பேஜரை இடுப்பில் சொருகிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போனாய். யாராவது பார்த்தால் அதை எடுத்து ஒருமுறை படிப்பது மாதிரி பாவனை வேறு. அப்போது நான் உன்னைப் படுத்திய பாடு உனக்கு நினைவிருக்கும்.

இன்கமிங்குக்குக் காசு இல்லை என்று ஆன பிறகுதான் நம் வீட்டுக்குள் நிஜமான போன் வந்தது. அது வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு சாஃப்ட்வேர் வைத்தாய். நைனாவுக்கு ராகுகாலம் சொல்லும் பஞ்சாங்கம். எனக்குப் பாம்பு விளையாட்டு. கிணற்றடித் தவளைச் சத்தத்தைப் பதிவு பண்ணி ரிங்டோனாக வைத்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை எழுந்து ஓட வைத்தாய்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண்ணும் தெரியாது. என் பழைய போனை அவளுக்குக் கொடுத்து, ரெண்டு என்ற பட்டன் மேல் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாய். அதை அழுத்திப் பிடித்தால் நேரே உனக்கு வரும். "இத்த அமுக்கிப் புடிச்சிகினே இரு, நான் வந்துடுவேன்" என்று சொல்லிக் கொடுத்தாய். அவள் கற்ற ஒரே டெக்னாலஜி அதுதான்.

அப்புறம் அந்தப் பெரிய போன். கேளம்பாக்கத்தில் வேன் ஓட்டி, ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த காலம். சென்னை ரிச்சி தெருவில் பழசாக வாங்கினாய். சோப்புப் பெட்டி கனம், குச்சியால் குத்தினால்தான் வேலை செய்யும். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா, வானத்தில் சேட்டிலைட்டைப் பார்த்து நாம் எங்கே இருக்கிறோம் என்று போனுக்குச் சொல்லும். குச்சியை மாதத்துக்கு ஒன்று தொலைத்தாய். கடைசியில் காலி ரீஃபிலின் முனையைத் தேய்த்து நீயே குச்சி செய்துகொண்டாய். அது எப்போதும் உன் காதில் இருக்கும்.

அந்தப் போனில் இருந்த மேப்பில் படூர் வரைக்கும் ரோடு இருந்தது. அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை, வெறும் மஞ்சள். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம ஊரு இல்லாத மேப்பு இன்னா மேப்பு" என்று கிளம்பினாய். வேன் போகப் போக, சில வினாடிக்கு ஒரு சின்னப் புள்ளியாகப் போன் தானே போட்டுக்கொண்டு வரும். வண்டி போன வழி அப்படியே கோடாக விழும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் வேலை பார்க்கிற செங்கல்பட்டு பிரவுசிங் சென்டருக்கு மெமரி கார்டோடு வந்து நிற்பாய். நான் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பேன். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், திருப்போரூர் எல்லாம் அந்த மஞ்சள் மேல் ஒன்றொன்றாக முளைத்தன.

கோட்டோடு நிற்கவில்லை. ரோட்டில் கவனிக்க வேண்டிய இடத்தையெல்லாம் குச்சியால் ஒரு குத்து குத்திப் பெயர் வைத்தாய். மாடு படுத்திருக்கும். நாய் தொரத்தும். கோடு இல்லாத ஸ்பீட் பிரேக்கர். டீ நல்லா இருக்கும். புள்ளி பதிவானால் போன் ஒரு சத்தம் போடும், டிடிங் என்று மேலே ஏறுகிற மாதிரி. அடுத்த தடவை அந்த இடத்தை நெருங்கும்போது வேறு சத்தம், டொக் என்று ஒரே ஒரு தட்டு. உன்னோடு முன் சீட்டில் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், இரண்டு சத்தமும் எனக்கு உறக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

ஓட்டும்போது குத்துகிறாயே என்று ஒருமுறை கேட்டேன். "வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் குத்துவேன், நான் இன்னா லூசா" என்றாய்.

கேளம்பாக்கம் ஸ்டாண்டில் டிரைவர்கள் எல்லாரும் உன்னிடம் புளூடூத்தில் அதை வாங்கிக்கொண்டார்கள். ஏகா மேப்பு என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. எனக்கு அப்போது எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, வளைவில் உன் வேன் ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. பின் சீட்டில் ஒரே ஒரு பெண். படூரில் தங்கி வேலை பார்த்துக்கொண்டு, லீவுக்குக் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவளுக்குத் தோள் எலும்பும் இடுப்பும் போனது. உனக்கு எல்லாமே போனது. யாரோ போன் பண்ணி நைனா மொபெட்டில் ஓடினார். போலீசுக்கு முன்னால் அவர்தான் போய்ச் சேர்ந்தார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்து அன்று சாயங்காலமே அடக்கம் செய்தார்கள். நம் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நானும் அம்மாவும் தெருமுனையில் நின்றோம். இடுகாட்டில் நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள்தான் தெரிந்தது. நைனா உன் போனை உன் சட்டைப் பையில் வைத்து அனுப்பிவிட்டார். அந்தத் தீப்பெட்டி டப்பாவையும் வைத்தாராம். ஆசைப்பட்ட பொருளைக் குழியில் வைப்பது நம் வழக்கம்தான். யாருக்கோ வெற்றிலைப் பெட்டி, யாருக்கோ சீட்டுக்கட்டு. உனக்குப் போன். இதில் சித்தப்பா சார்ஜரையும் சேர்த்து வைத்தாராம். அங்கே எந்தப் பிளக்கில் சொருகுவாய் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதைக் கேட்டு நான் சிரித்தேன், அண்ணா. அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு. அம்மா என்னை அடித்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வேன் முதலாளி ஸ்டாண்டில் சொல்லிவிட்டார். போனை நோண்டிக்கொண்டே ஓட்டினான், மரத்தில் ஏற்றினான் என்று. போலீசும் டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தது. பார்த்த சாட்சி யாரும் இல்லை. அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில், அந்தப் போன் மட்டும் கையில் இருந்தால் எந்த இடத்தில் என்ன வேகத்தில் போனாய் என்று அப்படியே காட்டிவிடுவேன் என்று வீட்டில் கத்தினேன். நீ குற்றமில்லாதவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப குழியத் தோண்டி அந்தப் போன எடுங்க" என்றாள். "எம்புள்ள மேல பழி நிக்கக் கூடாது."

நைனா ஒரே பிடிவாதமாக மறுத்தார். புதைத்ததைத் தோண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். பஞ்சாங்கம் பார்க்கிற மனிதர், அப்படித்தான் பேசுவார் என்று நினைத்தேன். அம்மா விடவில்லை. சொந்தக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். கடைசியில் இந்த வருஷத் தெவசம் கழிந்ததும் தோண்டலாம் என்று ஊரைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். அது அடுத்த வாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் இன்னும் அந்தச் சிவப்புப் பொட்டை அழுத்திப் பிடிக்கிறாள். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அம்மா மரியாதையாகக் காத்திருக்கிறாள். பிறகு மாடு கன்று போட்டது, மழை வரவில்லை என்று உன்னிடம் பேசிவிட்டு வைக்கிறாள். எனக்கு அந்த நேரத்தில் வீட்டில் இருக்க முடிவதில்லை.

போன மாதம் ஒரு பெண் கைத்தடி ஊன்றிக்கொண்டு பிரவுசிங் சென்டர் படியேறி வந்தாள். பெயர் நித்யா என்றாள். எனக்கு விளங்கவில்லை. உங்கள் அண்ணன் வேனில் பின்னால் இருந்தவள் என்று அவளே சொன்னாள். சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். இத்தனை நாள் பெரியம்மா வீட்டில் இருந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு, இப்போதுதான் படூருக்குத் திரும்பியிருக்கிறாள். யாரையாவது பார்த்துப் பேசினால்தான் தூக்கம் வரும் என்று தேடி வந்திருக்கிறாள். உன் மேல் கோபமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத் தூங்கிட்டேனுங்க. திடீர்னு வண்டி தூக்கிப் போட்டுச்சு. பாதிக் கண்ணு முழிச்சேன். அப்புறம் போன்ல ஒரு சத்தம். அப்புறம் மரந்தானுங்க."

என்ன சத்தம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு வாயால் செய்து காட்டினாள். டிடிங். மேலே ஏறுகிற மாதிரி.

வேறு மாதிரி இருக்குமா, டொக் என்று ஒரு தட்டா என்று கேட்டேன். இல்லை என்று மறுபடியும் அதையே செய்து காட்டினாள். அதை இதுவரை யாரும் கேட்கவில்லையாம். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ கொண்டுவந்து கொடுத்த எல்லாக் கோடுகளையும் திறந்தேன். அந்த வளைவில் நீ முன்பு எதுவும் குத்தி வைத்திருக்கவில்லை. அதனால் அது பழைய புள்ளி தட்டிய சத்தம் இல்லை. நீ புதிதாக ஒன்றைக் குத்தியிருக்கிறாய். அந்தக் கணத்தில்.

அப்படியும் மனசு ஒப்பவில்லை. ஓரங்கட்டிவிட்டுத்தானே குத்துவாய்? வண்டி நின்றால் அந்த இடத்தில் போன் போடும் சின்னப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, சர்க்கரையில் எறும்பு மொய்த்தது போலக் கும்பலாக இருக்கும். முதல் வருஷத்துக் கோடுகளைப் பார்த்தேன். நீ பெயர் வைத்த ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கும்பல் இருந்தது. நாய் தொரத்தும், நின்றிருக்கிறாய். டீ நல்லா இருக்கும், ரொம்ப நேரம் நின்றிருக்கிறாய். பிறகு வர வரக் கும்பல் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசி மாதங்களில் ஒன்றுமே இல்லை. பெயர் இருக்கிறது, கோடு நிற்காமல் அதைத் தாண்டிப் போகிறது.

நான் லூசா என்று கேட்டாயே, அண்ணா. எப்போதிலிருந்து நிறுத்துவதை நிறுத்தினாய்? யாருக்கு அவ்வளவு அவசரம்? மேப்புக்கா?

மறுநாள் பஸ் பிடித்து அந்த இடத்துக்குப் போனேன். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவள் நான். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே சிமென்ட்டில் ஒரு மேடு. கவர்ன்மென்ட் போட்டது இல்லை, பார்த்தாலே தெரியும், கைக்கு வந்தபடி கொட்டிப் பூசியது. மேலே சுண்ணாம்பு அடித்திருந்தது. ஓரத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஒரு காரு எங்க புள்ளய இட்சிட்டு நிக்காம பூட்டான். எவனும் வந்து பாக்கல. நாங்களே போட்டுக்கினோம்" என்றாள். எப்போது என்று கேட்டேன். அவள் புளியமரத்தைக் காட்டினாள். "அதோ அந்த மரத்துல ஒரு வேன்காரன் வுட்டான் பாரு, அதுக்கு மொத நாளு. அவன் செத்தப்பறந்தான் சுண்ணாம்பு அடிச்சோம்."

நான் யார் என்று அவளிடம் சொல்லவில்லை. அவளும் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் போனேன், முடியவில்லை.

இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. கோடு இல்லாத மேட்டில் வேன் ஏறித் தூக்கிப் போட்டது. உனக்குக் கை பரபரத்தது. அடுத்து வருகிறவன் விழக் கூடாது, உடனே குத்திவிட வேண்டும். காதிலிருந்து குச்சியை எடுத்தாய். கண் கீழே போனது. டிடிங். அதற்குள் வளைவு வந்துவிட்டது.

ஒன்று மட்டும் தெரியவில்லை. பின்னால் ஒரு பெண் தூங்குகிறாள், வண்டியை நிறுத்தினால் எழுந்துவிடுவாள் என்று நினைத்தாயா? அப்படி நினைக்கிற ஆள்தான் நீ. அதை எந்தப் போனும் எனக்குச் சொல்லாது.

குழியைத் தோண்டி, கார்டு கெடாமல் இருந்து, நான் அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் என்ன வரும்? அந்த வளைவில் ஒரு புள்ளி. நிற்காத கோடு. அம்மா ஊர் முழுக்கக் காட்ட ஆசைப்படுவது அதைத்தான்.

நைனாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மோட்டார் கொட்டகை நிழலில் மொபெட்டைச் சாய்த்து வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நித்யா வந்ததையும் சத்தத்தையும் புள்ளிகளையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கடைசியில் நேராகவே சொன்னேன்.

"தோண்ட வேணாம் நைனா. அண்ணன் கை போன் மேலதான் இருந்திச்சி."

அவர் தலை நிமிரவில்லை. மொபெட்டின் டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனருக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒன்றை வைத்திருந்தார். பிரித்துக் காட்டினார். தேய்த்த ரீஃபில்.

"தெரியும்" என்றார். "இது அவன் வெரலுக்கு நடுவுல இருந்திச்சி. போலீசு வர்ற முன்ன நான்தான் புடுங்கினேன். வெரலு வுடவே மாட்டன்னிச்சி."

தேய்ந்த முனையை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு, ஆசையாக இருந்தான் என்றுதானே போனைக் குழியில் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆசதான்" என்றார். "வூட்ல இருந்தா நீ நோண்டிப் பாத்துடுவ. அதான் அவங்கூடயே அனுப்பிட்டேன்."

இரண்டு வருஷம், அண்ணா. ஊர் மூடநம்பிக்கை என்று சொன்னது, அம்மா கல்நெஞ்சன் என்று சொன்னது, நான் மனசுக்குள் பட்டிக்காடு என்று திட்டியது, எல்லாவற்றையும் அந்த மனிதர் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார். குச்சியை மட்டும் ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அது கடைசியாக உன் கையில் இருந்தது என்றார். என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் செயினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். எண்ணெய் மண்ணில்தான் விழுந்தது.

எல்லாம் தெரிந்த பிறகு, இதை என்னோடும் நைனாவோடும் புதைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊர்க்காரர்களிடம் ஏதாவது சாக்குச் சொல்லித் தோண்டுவதை நிறுத்திவிடலாம். அம்மா தன் பிள்ளை குற்றமில்லாதவன் என்று நம்பிக்கொண்டே இருக்கட்டும்.

அப்புறம் கேளம்பாக்கம் ஸ்டாண்டுக்குப் போனேன். அந்த மேட்டை மேப்பில் சேர்த்து டிரைவர்களுக்குக் கொடுக்க. நானே அங்கே போய், ரோட்டோரம் இறங்கி நின்று, உன் மேப்பு ஏற்றிய என் போனில் குத்திக்கொண்டு வந்திருந்தேன். டிடிங் கேட்டபோது நான் நின்ற இடத்தில்தான் நின்றேன், ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை. அவ்வளவு சுலபமான வேலை.

ஸ்டாண்டில் உன் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். உன் கூட்டாளி பழனி அண்ணன் திருப்போரூரில் விடுகிறேன் என்று என்னை வேனில் ஏற்றிக்கொண்டார். புதுப் போன் வாங்கியிருக்கிறார், கண்ணாடி முழுக்க வெளிச்சம். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கட்டைவிரல் போனில். வழி நெடுக உன் மேப்பில் புதுப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். நிறுத்துங்கள் என்று சொன்னேன்.

"இன்னாம்மா நீ. ஏகாவே இப்படித்தானே ஓட்டுவான்" என்றார். "அவனுக்கு இன்னா ஆச்சி? பிரேக்கு புடிக்கல, விதி. போனால இல்லியே."

அவர் அதை உன் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். திருப்போரூருக்கு முன்பாகவே இறங்கிவிட்டேன்.

உன் பெயரைக் காப்பாற்ற நைனா மண்ணைப் போட்டு மூடினார். அம்மா அந்த மண்ணைத் தோண்டப் பார்க்கிறாள். இரண்டும் உன் மேல் வைத்த பிரியம்தான். ஆனால் நீ குற்றமில்லாதவனாக இருக்கும்வரை பழனி அண்ணன் இப்படியே ஓட்டுவார். அவர் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறாள், அண்ணா. அதனால் உன்னைக் காட்டிக்கொடுக்கிறேன். பெயரும் ஊரும் போட்டு எழுதுகிறேன். என் அண்ணன் ஏகாம்பரம் நல்லவன், கெட்டிக்காரன், அடுத்தவன் வண்டி விழக் கூடாது என்று நினைத்தவன். ஓடுகிற வண்டியில் போனைக் குத்தினான், அதனால் செத்தான். ஒரு பெண்ணின் இடுப்பையும் உடைத்தான்.

இதை எழுதும்போது நீ என்னை அடிக்கக் கை ஓங்குவது போலவே இருக்கிறது. ஓங்கிக்கொள். அடிக்க மாட்டாய் என்று தெரியும்.

ஆனால் பத்திரிகையில் வருவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. யாரோ படித்துக் காட்டி அம்மாவுக்கு இது தெரியக் கூடாது. தெவசத்தன்று படையல் முடிந்ததும், மண்வெட்டியோடு ஆட்கள் கிளம்புவதற்கு முன்பு, அவள் எதிரில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து நானே வாசிப்பேன். நைனாவைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். அழுதாலும் நடுவில் நிறுத்த மாட்டேன். முடித்துவிட்டு, குச்சியை அவள் கையில் கொடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்னை அடிப்பாள், பரவாயில்லை. நைனாவோடு பேச மாட்டாள், அதுவும் கொஞ்ச நாள்தான். அதற்குப் பிறகு அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவாள், எனக்குத் தெரியும். சிவப்புப் பொட்டை அழுத்திப் பிடிப்பாள். அந்தப் பெண் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பாள். பிறகு உன்னைத் திட்ட ஆரம்பிப்பாள். வாங்கிக்கொள், அண்ணா. லைனை மட்டும் கட் பண்ணிவிடாதே.

வண்டியை நிறுத்திவிட்டே புள்ளி குத்தும்
உன் தங்கச்சி,
காஞ்சனா